நீலப் போத்தலுக்குள் செம்பு: வாங்கி அடுக்கும் முன் ஒரு வியாபாரி தெரிந்திருக்க வேண்டியவை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுதுவிட்டு வந்து கல்லாவில் அமர்ந்திருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் இருவர் கடைக்குள் வந்தார்கள். "அங்கிள், கொப்பர் பெப்டைட் இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். கொப்பர் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. "மகள், அது ஹாட்வெயார் கடையில் கேட்கணும், நாலு கடை தள்ளிப் போங்க" என்றேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்த என் மகனால் அடக்க முடியவில்லை.

கண்டி கொழும்பு வீதியில் முப்பது வருடங்களாக பென்சி சாமானும் அழகுசாதனமும் விற்கிறேன். பவுடர், சுர்மா, மருதாணி, சவர்க்காரம், சென்ட் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் கேட்கும் பொருளின் பெயரே எனக்குத் தெரியாமல் போனது அன்றுதான். அந்த வெட்கத்தில்தான் விசாரிக்கத் தொடங்கினேன். மகன் வாசித்துச் சொன்னான், தெரிந்த மருந்தாளர் ஒருவரிடம் கேட்டேன், கொழும்பு இறக்குமதியாளர்களிடம் கடுதாசிகளைக் கேட்டு வாங்கினேன். அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இதே வியாபாரம் செய்யும் நம்மவர்களும் இப்போது இந்த நீலப் போத்தலைப் பற்றி என்னிடம் கேட்பதால், அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பொருள் என்ன?

பெப்டைட் என்பது புரதத்தின் சிறு துண்டு. இதில் இருப்பது மூன்றே அமினோ அமிலங்கள்: கிளைசின், ஹிஸ்டிடின், லைசின். அதனால் சுருக்கமாக ஜீ.எச்.கே. என்கிறார்கள். இந்தத் துண்டு செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அப்படிச் செம்போடு சேர்ந்ததுதான் கொப்பர் பெப்டைட். கரைசலின் நீல நிறம் அந்தச் செம்பினால் வருவது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் லோரன் பிக்கார்ட் என்ற விஞ்ஞானி 1973ஆம் ஆண்டிலேயே மனித இரத்தத்தின் தெளிநீரில் இதைப் பிரித்தெடுத்துவிட்டார். வயதானவர்களின் ஈரல் கலங்களை இளைஞர்களின் இரத்தத் தெளிநீரில் வைத்தால் ஏன் வேறு மாதிரி இயங்குகின்றன என்று தேடிப் போனபோது அகப்பட்டது இது. இருபது வயதில் மில்லிலீற்றருக்கு 200 நனோகிராம் அளவில் இருக்கும் இப்பொருள் அறுபது வயதாகும்போது 80 அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அவரது கட்டுரைகள் கூறுகின்றன. முதலில் புண் ஆற்றும் மருந்தாகக் கொண்டுவரத்தான் முயன்றார்கள். அந்த வழியில் பெரிதாக நிலைக்கவில்லை. அழகுசாதனமாகத்தான் சந்தைக்கு வந்து நின்றது. 2000களின் தொடக்கத்தில் நியூட்ரோஜீனா நிறுவனம் செம்பு சேர்த்த கிறீம் ஒன்றை விற்றது. பின்னர் கனடாவின் 'தி ஓர்டினரி' போன்ற பெயர்கள், இப்பொருள் நூற்றுக்கு ஒரு வீதம் சேர்ந்த சீரத்தைச் சிறு போத்தலில் போட்டு, சாதாரண மக்களுக்கும் எட்டும்படி கொண்டுவந்தன. நம் பிள்ளைகள் கைபேசியில் காட்டிக் கேட்பது அநேகமாக அந்த வகைதான்.

தோலுக்கு உறுதி கொடுப்பது கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்கள். அந்த நார்களை ஒன்றோடொன்று பின்னிக் கட்டும் நொதியத்துக்குச் செம்பு இல்லாமல் வேலை செய்ய முடியாது. இதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படை. பூசினால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் அளவோடு என்பதுதான் நேர்மையான பதில். மெல்லிய சுருக்கம் குறைந்தது, தோல் சற்று இறுகியது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குறைந்த தொகையினரை வைத்து, சில மாதங்களுக்குள் செய்து முடித்தவை. பொருளை விற்பவர்களின் கை சம்பந்தப்பட்டவையும் உண்டு. வெயில் தடுப்புக் கிறீமுக்கும், தோல் வைத்தியர் எழுதிக் கொடுக்கும் ரெட்டினொயிட் மருந்துக்கும் இருக்கும் ஆதாரம் இதற்கு இல்லை. "பத்து வயது குறையும்" என்று அட்டையில் எழுதி அனுப்பிய ஒரு ரெப்பிடம், "தம்பி, நீங்க பூசிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு இருபத்திநாலு வயதுதான் இருக்கும்!

பாவிக்கும் முறை

வாங்கிப் போகிறவருக்கு விளக்கிச் சொல்லத் தெரியாத கடைக்காரனுக்கு இந்தப் பொருளில் இரண்டாவது வியாபாரம் கிடையாது. போத்தலைத் திருப்பிக்கொண்டு வந்து சண்டை பிடிப்பார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முகத்தை மென்மையான சவர்க்காரத்தால் கழுவித் துடைத்த பின், இரண்டு மூன்று துளி போதும். முகத்திலும் கழுத்திலும் தடவி, அது ஊறிய பின் மேலே வழக்கமான ஈரலிப்புக் கிறீமைப் பூச வேண்டும். காலையில் பூசினால் அதற்கும் மேலே வெயில் தடுப்புக் கிறீம் அவசியம். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில் மட்டும் பூசிப் பழகுவது நல்லது. அதற்கும் முன், முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒன்றிரண்டு நாள் பார்க்க வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிட வேண்டியதுதான். வெட்டுக்காயத்திலும் வெடித்த பருவிலும் பூசக்கூடாது. உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. அந்த நோயாளிகளும் கர்ப்பிணித் தாய்மாரும் தங்கள் டொக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்று நான் கடையிலேயே சொல்லிவிடுகிறேன். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் செல்லும். அதற்கு முன் கல்யாணம் இருக்கிறதென்றால் இந்தப் போத்தல் உதவாது. அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இதை எதோடு சேர்க்கக்கூடாது என்பது. விட்டமின் சீ சீரம், பழ அமிலங்கள் சேர்ந்த தோலுரிப்பான்கள் ஆகியவற்றை இதோடு ஒரே நேரத்தில் பூசக்கூடாது. ஏன் என்று மகன் இரசாயனத்தில் விளக்கினான், எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் உம்மும்மாவின் குசினி ஞாபகத்துக்கு வந்ததும் விளங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பெரிய செம்புச் சட்டிகள் இருந்தன. வருடத்துக்கு ஒரு முறை ஈயம் பூசுகிறவர் வருவார். ஈயம் தேய்ந்த சட்டியில் புளி போட்ட கறியை வைக்க உம்மும்மா ஒருபோதும் விடமாட்டார். புளிப்பு செம்பை அரித்து இழுத்துவிடும், கறி களிம்பேறும். இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். புளிப்புத் தன்மை கூடினால் பெப்டைட் பிடித்துவைத்திருக்கும் செம்பு கழன்றுவிடும். கழன்ற செம்பு விட்டமின் சீயையும் கெடுத்துவிடும். இரண்டு போத்தலுக்கும் காசு கொடுத்து, இரண்டின் பலனையும் இழப்பதுதான் மிச்சம். விட்டமின் சீயைக் காலையிலும் இதை இரவிலும் பாவிக்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. ரெட்டினோல் பாவிக்கிறவர்களுக்கு, இரண்டையும் வெவ்வேறு இரவுகளில் பூசச் சொல்கிறேன். அமிலம் போல் அது கெடுப்பதில்லை என்றாலும் ஒன்றாகப் போட்டால் சிலருக்குத் தோல் எரியும்.

சலூன் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு இன்னொன்று. இப்பொருளைத் தூளாகச் சிறு குப்பிகளில் அடைத்து, ஊசியாக ஏற்றலாம் என்று கொண்டுவருகிறார்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று குப்பியிலேயே அச்சடித்திருக்கும். பூசுவது வேறு, ஊசியால் ஏற்றுவது வேறு. அது நமது வியாபாரமே அல்ல.

ஹலாலா, வுழூ கூடுமா?

நம் பெண்கள் விலைக்கு முன் கேட்பது இதைத்தான். கொலாஜன் என்று எழுதியிருந்தால் மாடா, மீனா, பன்றியா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஏனென்றால் அது மிருகத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. கொப்பர் பெப்டைட் அப்படி அல்ல, தொழிற்சாலையில் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்துத் தயாரிப்பது. ஆனால் அதே போத்தலில் கிளிசரினும் வேறு பல பொருட்களும் சேர்ந்திருக்கும். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். ஆகவே "செம்பு ஹலால்தானே" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடாமல், இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்ட மூன்று பேரில் ஒருவர்தான் கடுதாசி தந்தார். அவரிடம்தான் இன்றும் எடுக்கிறேன்.

வுழூவைப் பொறுத்தவரை, தண்ணீரில் கரைந்த சீரம் நகப்பூச்சு மாதிரிப் படலமாக நிற்பதில்லை என்பது வரைதான் கடைக்காரனுக்குத் தெரியும். அதற்கு மேல் உலமாக்களிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கொள்வனவில் கண் வைக்க வேண்டியவை

நீல நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். பெட்டியின் பின்புறம் பொருள் பட்டியல் இருக்கும். அதில் "கொப்பர் ட்ரைபெப்டைட்-1" என்ற பெயர் இருக்க வேண்டும். அது இல்லாமல் "சீ.ஐ. 42090" என்று மட்டும் இருந்தால், நீங்கள் வாங்குவது நீலச் சாயம், இனிப்புப் பண்டங்களிலும் போடும் அதே சாயம்தான். கொப்பர் குளுக்கோனேட் என்று எழுதியிருந்தால் அது செம்பு உப்பு, பெப்டைட் அல்ல. பட்டியலில் கூடுதலாக உள்ளது முதலிலும் குறைவானது பின்னாலும் வரும். ஒரு வீதத்துக்குக் குறைந்தவற்றை எந்த ஒழுங்கிலும் எழுதலாம். இந்தப் பொருளோ மிகக் குறைந்த அளவில்தான் சேரும். ஆகவே பெயர் கடைசிப் பக்கம் நிற்பதால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முகப்பில் வீதம் பெரிதாக எழுதிவிட்டு, பட்டியலில் பெயரே இல்லாத போத்தல்களை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

நிறம் பச்சையாகவோ கபிலமாகவோ மாறியிருந்தால் எடுக்காதீர்கள். கண்டியின் குளிர் நமக்கு ஒரு வசதிதான், ஆனால் காட்சிப் பெட்டியின் மின்குமிழுக்குக் கீழே கண்டியும் இல்லை நுவரெலியாவும் இல்லை! நான் வெற்றுப் பெட்டியைத்தான் முன்னால் வைக்கிறேன், போத்தல் உள்ளே இருட்டில் இருக்கிறது. திறந்த மூடி போன்ற சிறு படத்துக்குள் 6 அல்லது 12 என்று அச்சடித்திருக்கும். திறந்த பின் எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது அதன் பொருள். காலாவதித் திகதி வேறு, இது வேறு. பல கடைக்காரர்களுக்கே இந்த வித்தியாசம் தெரியாது.

இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயர், விலாசம், ஆகக்கூடிய சில்லறை விலை, தொகுதி இலக்கம், திகதிகள் இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் யாரும் முறையிடலாம். அதிகாரி கடைக்கு வந்தால், பொருளைத் தந்தவரை அல்ல, இறாக்கையில் வைத்திருப்பவரைத்தான் முதலில் கேட்பார்.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2022 ஓகஸ்ட்டில் டொலர் இல்லாமல் நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது வாசனைத் திரவியமும் அழகுசாதனமும் அதில் அகப்பட்டன. ஒழுங்காக வரி கட்டி இறக்கியவர்களின் கை கட்டப்பட்டது, பயணப் பையில் கொண்டுவருகிறவர்களின் கை ஓங்கியது. பின்னர் தடைகள் படிப்படியாக நீக்கப்பட்டன. ஆனால் பைக்காரர்கள் போகவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் அவர்களது விலைக்கும் நமது விலைக்கும் உள்ள தூரம் இன்னும் கூடியது.

வெள்ளையாகுமா?

பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் நொதியமே செம்பை வைத்துத்தான் இயங்குகிறது. ஆகவே செம்பு பூசி வெள்ளையாவது என்ற பேச்சுக்கே அடிப்படை கிடையாது. இப்படிச் சொன்னதும் பாதிப் பேர் போத்தலை வைத்துவிட்டு, "அப்ப வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் தந்த பதிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நியாயமில்லை.

இருபது வருடம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்று ஒருவர் ஒரு கிறீம் கொண்டுவந்து தந்தார். சிறிய டப்பா, பொருள் பட்டியல் இல்லை, இறக்குமதியாளர் பெயர் இல்லை. இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும் என்றார். உண்மையிலேயே வெளுத்தது! பன்னிரண்டு டசின் ஒரு மாதத்தில் போனது. என் தொழிலில் அவ்வளவு வேகமாக ஓடிய பொருள் வேறில்லை. திரும்பவும் எடுத்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது என்று நாலு டப்பா வாங்கிப் போனார். நாலைந்து மாதம் கழித்து, மகளை முகத்தை மூடிக் கூட்டிக்கொண்டு வந்தார். கன்னங்கள் இரண்டிலும் கறுப்புத் திட்டு, இடையில் சிவந்த தோல். அந்தத் தாய் என்னை ஏசவில்லை. "நானா, இதுக்கு என்ன பூசலாம்?" என்று என்னிடமே கேட்டார். காசைத் திருப்பிக் கொடுத்து, தோல் வைத்தியரிடம் காட்டச் சொன்னேன்.

அந்த டப்பாவில் என்ன இருந்தது என்பதை யாரும் பரிசோதிக்கவில்லை, ஆகவே இன்னது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வகைக் கிறீம்களில் பாதரசம் இருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்ட விடயம். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் வேகமாக வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். பூசிய தாயின் கையிலிருந்து பிள்ளைக்கும் போகும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஓர் அங்கம். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்பது அதில் இருந்த விதி. 2023இல் ஜெனீவாவில் கூடியபோது அந்த ஒரு பங்கு விட்டுக்கொடுப்பையும் எடுத்துவிட்டார்கள். 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனத்தையும் உற்பத்தி செய்யவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்பது தீர்மானம்.

இதெல்லாம் இப்போது தெரியும். அன்று தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகும் என் கடையில் மூன்று டசின் மிச்சம் இருந்தது. அதை நான் எறியவில்லை. வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்கு அசல் விலைக்கே கொடுத்து என் முதலை எடுத்துக்கொண்டேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. அந்த மூன்று டசினும் யார் யார் முகத்துக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

போன நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பொடியன் பையோடு வந்தான். உள்ளே கொப்பர் பெப்டைட், அறுபது போத்தல். பெட்டி பளபளப்பாக இருந்தது, விலை நான் எடுக்கும் விலையில் மூன்றில் ஒன்று. திருப்பிப் பார்த்தேன். பட்டியலில் சாயத்தின் இலக்கம் இருந்தது, பெப்டைட்டின் பெயர் இல்லை. முகப்பில் "வைட்னிங்" என்று வேறு எழுதியிருந்தது. மகனுக்கு ஆசைதான். பெருநாள் வியாபாரம், கடை வாடகை, கரண்ட் பில் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துச் சொன்னான். "பாதரசமென்றா எழுதியிருக்கு வாப்பா? வெறும் சாயம்தானே, யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்றான். வெறும் சாயமென்றால் களவு, சாயத்தோடு வேறேதும் இருந்தால் களவை விடப் பெரியது, எது என்று கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை என்று அவனுக்குச் சொன்னேன். பிறகு, அதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாத அந்த மூன்று டசின் கதையையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்து அந்தப் பொடியனின் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

அறுபது போத்தலும் எங்கள் வீதியிலேயே வேறொரு கடையில் இறங்கிவிட்டதை மறுநாள் கண்டேன். பெருநாளுக்கு முன்னமே விற்று முடிந்தும் விட்டது. என்னிடம் மாதம் பத்து, பன்னிரண்டு போத்தல்தான் போகிறது. முதலில் கேட்டு வந்த பேராதனைப் பிள்ளை படிப்பை முடித்துவிட்டாள். இப்போது குருநாகலிலிருந்து அவளது தாய் பஸ்ஸில் சொல்லி அனுப்பி எடுக்கிறார்.